தனியார் பல்கலைக்கழகம்: சேர்க்கும் முன் சில கணக்குகள்



2025 ஜூலை மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. சாலைக் கடைத்தெருவில் பல ஆண்டுகளாகப் பலசரக்கு வியாபாரம் செய்துவரும் நண்பர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அந்தப் பெண் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். அந்த ஆண்டு கேரளப் பொறியியல் நுழைவுத் தேர்வின் தரவரிசைப் பட்டியல் ஒருமுறை வெளியாகி, உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் ஜூலை 10-ஆம் தேதி திருத்தப்பட்டு மீண்டும் வெளியானது நினைவிருக்கும். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த பல பிள்ளைகளைப் போலவே இவளுடைய இடமும் இரண்டாவது பட்டியலில் பின்னுக்குப் போய்விட்டது.

"அண்ணாச்சி, பிள்ளை கம்ப்யூட்டர்தான் படிக்கணும்ங்கா. மெட்ராஸ் பக்கம் ஒரு தனியார் யுனிவர்சிட்டியில் இடம் இருக்கு. கடையை ஈடு வச்சாவது சேத்துரலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்லுதிய?" என்று கேட்டார்.

நான் டிப்ளமோ படித்து, ரயில்வேயில் தண்டவாளத்தோடும் பாலத்தோடும் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். பல்கலைக்கழகத்தில் கால் வைத்துப் படித்தவன் அல்லன். ஆனாலும் கேட்டவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டு, தெரிந்தவர்களிடம் விசாரித்தும், சட்டங்களையும் தீர்ப்புகளையும் படித்தும் திரட்டியவற்றை அவரிடம் சொன்னேன். அதே கேள்வியோடு நம் சங்கத்தில் வேறு பல குடும்பங்களும் இருக்கின்றன. ஆகவே அவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஏன் இந்தக் கேள்வி இப்போது?

தனியார் பல்கலைக்கழகங்களுக்கு வெகுகாலம் இடம் கொடுக்காமல் இருந்த மாநிலம் கேரளம். சுயநிதிக் கல்லூரிகள் 2001-க்குப் பின் பெருகின என்றாலும், அவை அரசுப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தே நடந்தன. 2016 ஜனவரியில் கோவளத்தில் உலகக் கல்வி மாநாடு கூடியபோது, தனியார் பல்கலைக்கழகம் வரக்கூடாது என்று போராடிய மாணவர்களில் சிலர், அன்றைய உயர்கல்விக் குழுவின் துணைத் தலைவரும் முன்னாள் தூதருமான டி.பி. ஸ்ரீனிவாசனைத் தாக்கிய செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அதே கேரளத்தின் சட்டமன்றம் 2025 மார்ச் 25-ஆம் தேதி தனியார் பல்கலைக்கழக மசோதாவை நிறைவேற்றியது. தொடங்க விரும்புவோர் 25 கோடி ரூபாய் மூலநிதி வைக்க வேண்டும். பல வளாகங்கள் கொண்டதாக இருந்தால் தலைமை வளாகத்துக்குக் குறைந்தது 10 ஏக்கர் நிலம் வேண்டும். 40 விழுக்காடு இடங்கள் கேரள மாணவர்களுக்கு, அதில் மாநிலத்தின் இட ஒதுக்கீட்டு முறை என்பன அதன் முக்கிய விதிகள்.

நம்மவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கேயே பிறந்து இங்கேயே படித்த தமிழ்ப் பிள்ளைகள் தமிழ்நாட்டு அரசின் பொறியியல் கலந்தாய்வுக்குப் போனால், எட்டாம் வகுப்பு முதல் எங்கே படித்தாய், பிறப்பிடச் சான்று எங்கே என்ற கேள்விகள் எழுகின்றன. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் அந்தக் கேள்வி இல்லை. எந்த மாநிலத்தவரும் சேரலாம். தக்கலைக்கு அருகே குமாரகோவிலில் உள்ள நூருல் இஸ்லாம் நிறுவனம், கோவை எட்டிமடையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா, தஞ்சையில் சாஸ்த்ரா, வேலூரில் வி.ஐ.டி. என்று நம் பிள்ளைகள் எல்லை கடந்து போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

தனியார் என்றாலே தீமையா?

அப்படிச் சொல்வது நன்றி மறந்த பேச்சாகும். சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலை செட்டியார் தாம் நிறுவிய கல்லூரிகளையும் பெருந்தொகையையும் கொடுத்ததால்தான் 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. நம் ஊரில் 1937-ல் மன்னர் ஸ்ரீ சித்திரைத் திருநாள் வேந்தராகவும் சர் சி.பி. ராமசாமி ஐயர் துணைவேந்தராகவும் அமைந்து தொடங்கிய திருவிதாங்கூர் பல்கலைக்கழகமே இன்றைய கேரளப் பல்கலைக்கழகம். அதன் தமிழ்த்துறை தோன்றக் காரணமாக இருந்தது வள்ளல் அழகப்ப செட்டியாரின் நன்கொடை. அந்தத் துறையில்தான் பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை பணியாற்றினார். ஆக, தனியார் பணத்தில் விளைந்த கல்வியின் பயனை நாமும் அனுபவித்திருக்கிறோம்.

ஆனால் கொடுத்த கை போன பிறகு நிர்வாகம் எப்படி நடக்கும் என்பது வேறு விஷயம். அதே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அளவுக்கு மீறிய ஊழியர்களாலும் நிதி நெருக்கடியாலும் தள்ளாடி, 2013-ல் தமிழக அரசு பொறுப்பேற்க வேண்டிய நிலை வந்தது. மேலும், அன்று பணம் கொடுத்தவர்கள் திரும்பி வரும் என்று எண்ணிக் கொடுக்கவில்லை. இன்று முதலீடு செய்பவர்களில் அப்படிப்பட்டவரும் உண்டு, அல்லாதவரும் உண்டு. வெளியிலிருந்து பார்க்கும் பெற்றோருக்கு வேறுபாடு தெரிவதில்லை.

முதலில் பெயரைப் புரிந்துகொள்வோம்

விளம்பரத்தில் எல்லாம் 'யுனிவர்சிட்டி' என்றுதான் இருக்கும். உள்ளே மூன்று வகை உண்டு.

முதல் வகை, சுயநிதிக் கல்லூரி. நடத்துவது தனியார், பாடத்திட்டம் வகுப்பதும், பல்கலைக்கழகத் தேர்வு வைப்பதும், பட்டம் தருவதும் அரசுப் பல்கலைக்கழகம். நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகள் 2014-ல் தொடங்கிய அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை.

இரண்டாவது, நிகர்நிலைப் பல்கலைக்கழகம். 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் மூன்றாம் பிரிவின்படி மத்திய அரசு இந்தத் தகுதியைத் தருகிறது. 1958-ல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனம் பெற்றது இந்தத் தகுதிதான். நம் வலியமலையில் உள்ள விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் இந்த வகையே. ஆக, 'நிகர்நிலை' என்ற சொல்லை வைத்து மட்டமும் இல்லை, மேன்மையும் இல்லை.

மூன்றாவது, மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றி அமைக்கும் தனியார் பல்கலைக்கழகம். இது தனக்குக் கீழே வேறு கல்லூரிகளை இணைத்துக்கொள்ள முடியாது.

இந்த மூன்றிலும் சேராமல் பட்டம் கொடுப்பது சட்ட விரோதம். மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிட்டு வருகிறது. கேரளத்தின் பெயரில் 'செயின்ட் ஜான்ஸ், கிஷனட்டம்' என்று ஒன்று அந்தப் பட்டியலில் பல ஆண்டுகள் இடம்பெற்றிருந்தது.

ஒரு ரயில்வேக்காரனின் பார்வை

இதில் என் அனுபவத்துக்கு எட்டிய ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். என் வாதம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

ரயில்வேயில் ஒரு புதிய பாதை போடுகிறோம் என்று வையுங்கள். மண் அடித்து, ஜல்லி நிரப்பி, ஸ்லீப்பர் வைத்து, தண்டவாளம் இணைத்து, இடைவெளி 1676 மில்லிமீட்டர் சரியாக இருக்கிறதா என்று நாங்களே நூறு முறை அளப்போம். ஆனாலும் 'பயணிகள் வண்டி ஓடலாம்' என்று சொல்லும் அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து, மோட்டார் டிராலியில் அங்குலம் அங்குலமாகப் பார்த்து, வேகச் சோதனை நடத்தி ஒப்புதல் தர வேண்டும். அந்த ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார் என்பது பலருக்கும் தெரியாது. காரணம் எளியது. கட்டியவனே சான்றும் கொடுத்தால், அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், அவசரம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வான்.

இணைப்புக் கல்லூரியில் பாடம் நடத்துவது ஒருவர், இறுதித் தேர்வு வைப்பது இன்னொருவர். தனியார் பல்கலைக்கழகத்தில் பணம் வாங்குவதும், பாடம் நடத்துவதும், தேர்வு வைப்பதும், பட்டம் கொடுப்பதும் ஒரே கை. இது நேர்மையான கையாக இருந்தால் மாணவனுக்குப் பெரிய நன்மை. இல்லாவிட்டால் தடுக்க ஆள் இல்லை. தனியார் பல்கலைக்கழகத்தின் நன்மையும் தீமையும் இந்த ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன என்பது என் தாழ்மையான கருத்து.

நன்மைகள்

பாடத்திட்டத்தை உடனுக்குடன் மாற்றலாம். பல கல்லூரிகளைக் கட்டி மேய்க்கும் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தை மாற்றக் குழு மேல் குழு கூட வேண்டும். தனியாரில் இந்த ஆண்டு தேவைப்படும் பாடம் அடுத்த ஆண்டே வகுப்புக்கு வந்துவிடும்.

தேர்வும் முடிவும் நாள் தவறாது. அரசு அமைப்பில் நேரும் கோளாறுகளை நாம் மறைக்க வேண்டியதில்லை. 2025-ல் கேரளப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ. விடைத்தாள்கள், 71 மாணவர்களுடையவை, திருத்த எடுத்துச் சென்ற ஆசிரியரின் இருசக்கர வண்டிப் பயணத்தில் தொலைந்துபோய், மாணவர்கள் மறுபடி தேர்வு எழுத வேண்டி வந்தது. வேலை கிடைத்துவிட்ட பிள்ளைக்கு முடிவு தாமதமானால் என்ன பாடு என்று பெற்றோருக்குத் தெரியும்.

விரும்பிய பாடம் கிடைக்கும். ஒரே நாள் தேர்வில் சறுக்கிய பிள்ளைக்கு இரண்டாவது வாசல் திறக்கிறது. இதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை.

நல்லவை நல்லவையாகவே வளர்ந்ததும் உண்டு. வேலூரில் 1984-ல் 180 மாணவர்களோடு தொடங்கிய பொறியியல் கல்லூரி 2001-ல் நிகர்நிலைத் தகுதி பெற்று, இன்று நாடெங்கிலுமிருந்து மாணவர்கள் தேடி வரும் இடமாக இருக்கிறது.

நகரத்துக்குள் இருப்பதும் ஒரு வசதி. நம் ஊரிலேயே அப்படி ஒன்று அமைந்தால், பிள்ளை வீட்டுச் சோறு சாப்பிட்டுப் படிக்கலாம். விடுதிச் செலவு மிச்சம். கழக்கூட்டத்தில் 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க், தும்பாவில் விண்வெளி மையம், பாளையத்தில் 1829-ல் பிறந்த பொது நூலகம் எல்லாம் கைக்கெட்டும் தூரம். நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பிள்ளைகளுக்கு ரயிலில் மாணவர் சீசன் டிக்கெட் சலுகையும் உண்டு. இடநெருக்கடிதான் நகரத்தின் குறை. மாடி மேல் மாடி கட்டி வகுப்பு நடத்தலாம். பட்டறையும் மைதானமும் மாடியில் வைக்க முடியாது.

தீமைகள்

என் பாலிடெக்னிக் நண்பர் ஒருவரின் கதையைச் சொல்ல வேண்டும். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். ஒரு மாநிலப் பொதுத்துறை நிறுவனத்தில் டிப்ளமோ தகுதியில் பணியாற்றியவர். பட்டம் இருந்தால்தான் அடுத்த பதவி. 2002-ல் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழியில் பி.டெக். தருகிறது என்று கேள்விப்பட்டு அவர் சேர்ந்தார். என்னையும் அழைத்தார். நான் விண்ணப்பத்தை வாங்கி, பூர்த்தியும் செய்தேன். அந்த வாரம் பாலம் ஒன்றின் வேலை வந்து நாள் தவறிவிட்டது. புத்திசாலித்தனத்தால் தப்பினேன் என்று சொல்ல மாட்டேன்.

அவர் வாடகைக் கட்டடத்தில் இருந்த படிப்பு மையத்தில் ஞாயிறுதோறும் போய்ப் படித்தார். பட்டம் வந்தது; பதவி உயர்வும் வந்தது. "நீங்க அன்னைக்கே சேந்திருக்கலாம்" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். எனக்கும் உள்ளூர ஏக்கம் இருந்தது. 2017 நவம்பர் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய ஒப்புதல் இல்லாமல் அஞ்சல் வழியில் பொறியியல் பட்டம் கொடுத்தது செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன; அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நடத்தும் தேர்வில் தேறினால்தான் பட்டம் மீளும். அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்து.

2018-ல், ஐம்பது வயதைத் தாண்டிய என் நண்பர், மகனுடைய பழைய புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். தேர்வு எழுதித் தேறினார். ஆனால் அந்தச் சில மாதங்களில் அலுவலகத்தில் யார் சிரித்தாலும் தம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எண்ணிக் குன்றிப்போனார். அவர் யாரையும் ஏமாற்றவில்லை; பணம் கட்டினார், படித்தார், எழுதினார். போட்ட பாதைக்கு ஆணையர் ஒப்புதல் இல்லாமலே அவரை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

இது ஒருவர் கதை. மொத்தமாகவே கவிழ்ந்ததும் உண்டு. சத்தீஸ்கர் மாநிலம் 2002-ல் ஒரு சட்டம் இயற்றி, குறுகிய காலத்தில் 112 தனியார் பல்கலைக்கழகங்களை அறிவித்தது. அவற்றுள் பல ஓர் அறையில் நடந்தன. பேராசிரியர் யஷ்பால் வழக்குத் தொடுக்க, 2005 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் அடிப்படைப் பிரிவுகளைச் செல்லாதவை என்று கூறிற்று. அந்தப் பல்கலைக்கழகங்கள் ஒரே நாளில் இல்லாமல் போயின. படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்காக, அந்த நிறுவனங்களை ஏற்கெனவே உள்ள அரசுப் பல்கலைக்கழகங்களோடு இணைக்க வழி சொல்ல வேண்டி வந்தது. 2010 ஜனவரியில் மத்திய அரசு 44 நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தகுதியற்றவை என்று நீதிமன்றத்தில் தெரிவித்தபோது தமிழ்நாட்டு மாணவர்கள் தெருவில் இறங்கியதும் பலருக்கு நினைவிருக்கும்.

கட்டடத்தைப் பார்த்து மயங்குவது அடுத்த ஆபத்து. நுழைவாயிலும் நீரூற்றும் குளிர்சாதன வகுப்பறையும் பாடம் சொல்லித் தரா. இன்னொன்று, பாடங்களின் தேர்வு. வேலை தரும் பாடங்களில் இடங்கள் பெருகும். தமிழ், வரலாறு, இயற்பியல் போன்றவற்றுக்குச் செலவு செய்ய ஆசை குறையும். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை நம் ஊர் மகாராஜா கல்லூரியில் தத்துவம் போதித்தவர். இலாபக் கணக்கு மட்டும் பார்க்கும் நிறுவனத்தில் தத்துவ வகுப்பு தொடங்கியே இருக்காது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

இனிப் பணக் கணக்கு. ஆண்டுக் கட்டணம் 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுக்கு 12 லட்சம். முழுவதும் வங்கிக் கடன், வட்டி 10 விழுக்காடு. படிக்கும் நான்கு ஆண்டும் அதன்பின் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி நிற்பதில்லை. முதல் 3 லட்சத்துக்கு 5 ஆண்டு, அடுத்ததற்கு 4, பின் 3, பின் 2 என்று தனிவட்டி போட்டால் 4 லட்சத்து 20 ஆயிரம். ஆகத் தவணை தொடங்கும் நாளில் கடன் 16 லட்சத்து 20 ஆயிரம். பத்தாண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய 21,400 ரூபாய். கூட்டிப் பார்த்தால் கட்டி முடிப்பது 25 லட்சத்து 70 ஆயிரம் அளவில் வரும். விடுதி, சாப்பாடு, புத்தகம், மடிக்கணினி இதில் சேரவில்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி 'நாலு வருஷத்துக்கு 12 லட்சம் புரட்ட முடியுமா' என்பதல்ல. '23 வயதுப் பிள்ளை மாதம் 21,400 ரூபாய் பத்தாண்டு கட்டும்படி சம்பாதிக்குமா' என்பதே. அரசுப் பொறியியல் கல்லூரியில் ஆண்டுக் கல்விக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்தான் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள தரமான நிறுவனங்களில் சேர்வோருக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு, 10 லட்சம் வரையிலான கடனில், தவணை தொடங்கும் முன்னுள்ள காலத்துக்கு 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. நீங்கள் சேரப் போகும் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று வங்கியில் கேட்பதே ஒரு நல்ல சோதனை.

பார்க்க வேண்டியவை

ஒன்று: எந்தச் சட்டத்தில், எந்த ஆண்டு தொடங்கியது, நீங்கள் சேரும் அந்த வளாகத்துக்கும் அந்தப் பாடத்துக்கும் ஒப்புதல் உண்டா என்று மானியக் குழுவின் பட்டியலில் பாருங்கள். தலைமை வளாகத்துக்கு இருக்கும் ஒப்புதல் கிளைக்கும் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

இரண்டு: வகுப்பு நடக்கும் நாளில் நேரில் போங்கள். வரவேற்பறையோடு திரும்பாமல் பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். லேத்தில் எண்ணெய்ப் பிசுக்கும், தரையில் இரும்புச் சீவலும் இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். பளபளவென்று உறை போட்டு மூடியிருந்தால் யோசியுங்கள்.

மூன்று: ஆசிரியர் எத்தனை பேர், எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பொறியியலில் 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அளவு. இரண்டாம் ஆண்டு மாணவர்களைத் தேநீர்க் கடையில் பிடித்துப் பேசினால், விளம்பரப் புத்தகத்தில் இல்லாதவை தெரியவரும்.

நான்கு: 'எங்கள் மாணவருக்கு 40 லட்சம் சம்பளம்' என்றால் அது ஒருவருக்கு. வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பவர் என்ன வாங்குகிறார் என்று கேளுங்கள். தேசியத் தரவரிசைக்கு நிறுவனங்கள் கொடுக்கும் விவரத்தில் இந்த நடுத்தொகையும், வேலை பெற்றவர் எண்ணிக்கையும் இருக்கின்றன. நிறுவனமே கொடுக்கும் விவரம் என்பதையும் மறவாதீர்கள்.

ஐந்து: நாக் தரச்சான்றை மட்டும் நம்ப வேண்டாம். 2025 பிப்ரவரியில் அந்த ஆய்வுக்குழு ஒன்றின் உறுப்பினர்களையே லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்தது. அதைவிட, வெளியார் வைக்கும் தேர்வில் மாணவர்கள் எப்படி என்று பாருங்கள். கேட் தேர்வில் அந்தத் துறையிலிருந்து எத்தனை பேர் தேறினர், எத்தனை பேர் நல்ல இடங்களில் மேற்படிப்புக்குப் போனார்கள்? உள்ளே கொடுத்த மதிப்பெண்ணுக்கு வெளியே மதிப்பு உண்டா என்பதை இதுதான் காட்டும். பாதுகாப்பு ஆணையர் இல்லாத இடத்தில் நாம் செய்யக்கூடிய வேகச் சோதனை இது.

ஆறு: கட்டணம் ஆண்டுதோறும் ஏறுமா, எவ்வளவு ஏறும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அசல் சான்றிதழ்களை அவர்களிடம் விட்டுவைக்காதீர்கள். அவற்றைப் பிடித்து வைக்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை. இடத்தை விட்டு விலகினால் பணம் திரும்பக் கிடைக்கவும் மானியக் குழுவின் விதி உண்டு. 2024-25 கல்வியாண்டுக்குச் செப்டம்பர் 30 வரை விலகியோருக்கு முழுத்தொகை என்று அது அறிவித்தது. ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

பிறகு என்ன நடந்தது?

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி நண்பரிடம் கொடுத்தேன். தந்தையும் மகளும் ரயிலேறிச் சென்னைப் பக்கம் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பார்த்து வந்தார்கள். திரும்பி வந்து அந்தப் பெண் சொன்னதில் நியாயம் இருந்தது: "மாமா, லேப் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஏமாத்துற இடம் மாதிரித் தெரியலை. ஆனா கட்டணம் வருஷா வருஷம் ஏறுமான்னு அப்பா கேட்டதுக்கு யாரும் எழுதித் தர மாட்டேன்னுட்டாங்க. கடையை வச்சுப் படிச்சா, படிக்கிற நாலு வருஷமும் எனக்குக் கடை ஞாபகந்தான் இருக்கும்."

அவள் நம் ஊரிலேயே இணைப்புக் கல்லூரி ஒன்றில் மின்னியல் பிரிவில் சேர்ந்தாள். பேருந்தில் போய் வருகிறாள். கணினிப் பாடங்களைத் தானாகப் படிப்பேன் என்கிறாள். கடை கடையாகவே இருக்கிறது. இது சரியான முடிவா என்று நான்கைந்து ஆண்டு கழித்துத்தான் தெரியும். அன்று அவள் என்னை வாழ்த்தவும் செய்யலாம், வையவும் செய்யலாம். கையில் பணம் உள்ளவராக அவள் தகப்பனார் இருந்திருந்தால், 'தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்' என்று நானே சொல்லியிருப்பேன்.

தனியார் பல்கலைக்கழகம் நம் வாசலுக்கும் வரத்தான் போகிறது. வரட்டும், நல்லதைச் செய்யட்டும். ஆனால் கட்டியவர் கொடுக்கும் சான்றை மட்டும் நம்பிப் பிள்ளையை ஏற்றிவிடாமல், நாமும் ஒருமுறை டிராலியில் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வருவோம். என் நண்பர் அந்த வயதில் மகனுடைய புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சியை நான் மறக்க முடியவில்லை. அந்த நிலை நம் பிள்ளைகள் யாருக்கும் வர வேண்டாம்.